வாசகர் கேள்வி, எங்கள் பதில்: பாசி எடுக்கும் பெண்களும் கிண்டிக் காடும்

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் பெண்கள் கடல்பாசி எடுப்பதால் பவளப்பாறை அழிகிறது என்று படித்தேன். தேசியப் பூங்கா என்றால் யாரையும் உள்ளே விடாததுதானே சரி? நம் கிண்டிப் பூங்கா அப்படிக் காப்பாற்றப்பட்டதுதானே?
- வாசகர், அடையாறு

கிண்டியைச் சொன்னீர்கள், அங்கிருந்தே வருகிறேன். 1978-இல் தேசியப் பூங்காவானபோது அதற்கு மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். பழைய காடு அதைவிடப் பெரியது. 1950-களின் கடைசியில் அதில் ஒரு பெரிய பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. தலைவர்களின் நினைவிடங்களும் அந்தக் காட்டு நிலத்தில்தான் எழுந்தன. எல்லாம் அரசு முறைப்படி கொடுத்தது, சரி. ஆனால் காட்டை வெட்டிக் கட்டடம் கட்டியவர்கள் யாரையும் நாம் ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதில்லை. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும் பெண்களுக்கு மட்டும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

என் அம்மாவின் ஊர் மண்டபம் பக்கம். சித்தி பாசிக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன்: சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் கெட்டியாக்கச் சேர்க்கும் அகாரும் ஆல்ஜினேட்டும் இந்தப் பாசிகளிலிருந்து எடுப்பவைதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் தேசியப் பூங்காவானது. வனவிலங்குச் சரணாலயம் என்றால் ஏற்கெனவே இருக்கும் உரிமைகள் சிலவற்றைத் தொடர ஆட்சியர் அனுமதிக்க வழி இருக்கிறது. தேசியப் பூங்காவில் அந்த வழி இல்லை. எந்தப் பெயரில் அறிவிக்கிறார்கள் என்பதிலேயே சித்தி போன்றவர்களின் பிழைப்பு முடிவாகிவிட்டது.

இனி பவளம். பாசி எடுப்பதால் பாதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாறைமேல் மிதித்தால் பவளம் ஒடியும். ஆனால் அந்தக் கடலில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தையே வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலும் கீழக்கரைப் பக்கத்திலுமாக இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்து நலிந்தது. இதற்கெல்லாம் பாசி எடுக்கும் பெண்கள் காரணமில்லை. மாற்றுத் தொழில் என்று கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசியான கப்பாஃபைகஸ், குருசடைத் தீவுப் பவளத்தின் மேலேயே படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்களோ தாங்களே கூடிப் பேசி, இரும்புச் சுரண்டியை விட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் சுமார் 12 நாள் மட்டும் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் விட்டுவிடுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு இவர்களைவிட நல்ல ஆள் வேறு யார்? எந்தத் தீவில், எந்த மாதம், எவ்வளவு என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதி, அதற்குச் சட்டத்தில் இடமும் கொடுக்க வேண்டும். நீங்கள் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்தால் இதைக் கேளுங்கள் ஐயா.

இருளர்கள் பாம்பு பிடிப்பது சட்டவிரோதம் இல்லையா?
- வாசகி, திருவான்மியூர்

அனுமதியோடு பிடிக்கிறார்கள் அம்மா. 1972 வனவிலங்குச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபின் அவர்களின் தொழில் அடியோடு நின்றது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்தபின் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தடை போட்ட இடத்திலேயே வழியும் திறந்தார்கள்; ராமநாதபுரத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கு ஏன் முடியாது?

கிண்டியில் மான்களுக்குப் பிஸ்கட் போடலாமா?
- ஐந்தாம் வகுப்பு மாணவன், வேளச்சேரி

வேண்டாம் தம்பி. புல்லும் இலையும் தின்னும் வயிறு அது. பிஸ்கட் உறையையும் சேர்த்து விழுங்கினால் பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிவிடும். உறையை வீட்டுக்கே கொண்டு போ. புள்ளிமானும் வெளிமானும் பக்கத்தில் நின்றால் ஆண் மானின் கொம்பைக் கவனி: புள்ளிமானுக்குக் கிளை விட்டிருக்கும், வெளிமானுக்கு முறுக்கிக்கொண்டு நேராகப் போகும்.