முழங்கால் வலியோடு ஸ்வால்பார்ட் கரையில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63, என் கணவருக்கு 67. வருகிற ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிவரும் சிறிய கப்பல் ஒன்றில் எங்களை அனுப்பிவைக்க மகன் விரும்புகிறான். துறைமுகமே இல்லாத பாறைக் கரைகளில் ரப்பர் படகில் கொண்டுபோய் இறக்குவார்களாம். குளிரைச் சமாளித்துவிடுவோம். ஆனால் எனக்கு வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: ஸ்வால்பார்ட் போகிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்டிருப்பதே பாதி வேலையை முடித்துவிட்டது. ஜூலையில் அங்கே மேற்குக் கரையில் வெப்பநிலை பெரும்பாலும் 3 முதல் 7 டிகிரி செல்சியஸ். காற்று அடித்தால் இன்னும் குளிராகத் தெரியும். உடலை ஒட்டிய கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு கனமான மேலாடை, வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், கால்சட்டை, இரண்டு ஜோடி கையுறை. இவை போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. குளிரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இறங்குவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பலின் பக்கவாட்டுப் படிகளில் இறங்கி, அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் படகுக்குள் கால் வைக்க வேண்டும். அப்போது படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் முன்கையையும் நீங்கள் அவர் முன்கையையும் பற்றிக்கொள்வதுதான் முறை. ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். அதற்காக இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். கேமராவும் ஊன்றுகோலும் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். கரையை அடைந்ததும் படகின் காற்றடைத்த விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, இரு கால்களையும் ஒன்றாக வெளிப்பக்கம் சுழற்றி, வழிகாட்டி சொல்லும் நொடியில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருக்கும், சில இடங்களில் முழங்கால் வரைகூட வரும். ரப்பர் பூட்ஸ் இதற்காகத்தான். பல கப்பல்கள் இவற்றை இரவலாகத் தருகின்றன. உங்கள் அளவு இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தடித்த காலுறை போட்ட காலுக்கு ஒரு அளவு பெரிதாக இருந்தால் நல்லது. குதிகால் தளர்ந்து ஆடும் பூட்ஸ் மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது.

தண்ணீர் விளிம்பில் கருமையாகத் தெரியும் பாறைகளில் மெல்லிய பாசி படிந்திருக்கும். அது கண்ணுக்குப் படாது, காலுக்குத்தான் தெரியும். பாசி படிந்த பெரிய பாறையைவிட அதன் பக்கத்தில் கிடக்கும் சிறு கற்களில் கால் வைப்பது மேல். அதைத் தாண்டினால் அலை உருட்டிய உருண்டைக் கற்கள், மிதித்தால் நகரும். சில கரைகளில் உறைபனி பிளந்து போட்ட கூர்க்கற்கள் குவிந்திருக்கும். விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பாறையை உடைப்பதால், அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இனி உங்களுக்கு ஆறுதலான செய்தி. ஸ்வால்பார்டில் பல இடங்களில் சிரமம் முதல் சில மீட்டர்தான். பனியுகத்தின் பெரும் பனிப்பாளம் உருகிய பிறகு, அதன் பாரம் நீங்கிய நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேலெழும்பி வருகிறது. அதனால் பழைய கடற்கரைகள் இன்றைய கரைக்கு மேலே படிக்கட்டு போல அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்தச் சரளைத் திட்டுகள் ஏறக்குறைய சமதளம். ஊன்றுகோலோடு நிதானமாக நடக்கலாம்.

ஆகவே பயணத்துக்கு ஆறேழு மாதம் முன்பே வீட்டில் சோதித்துப் பாருங்கள். முழங்கால் உயரத் திண்ணையில் உட்கார்ந்து, இரு கால்களையும் ஒருசேரத் தூக்கி மறுபக்கம் போட்டு, யாருடைய கையையாவது பிடித்து எழுந்து நிற்க முடிகிறதா? ஒரு மாடிப் படியைக் கைப்பிடி தொடாமல் இறங்க முடிகிறதா? சரளைக் கல் கொட்டிய இடத்தில் பதினைந்து நிமிடம் நடந்தபின், மறுநாள் காலை முழங்கால் வீங்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துணிந்து பதிவு செய்யுங்கள். மூன்றாவதற்கு மட்டும் ‘இல்லை’ என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறங்கலாம். முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் இந்தக் கப்பல் வேண்டாம் என்பேன்.

கரையில் வலி வந்தால் ஓரமாக உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைப் போகச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அது துருவக் கரடிகள் நடமாடும் இடம். குடியிருப்புக்கு வெளியே போகிறவர்களிடம் கரடியை விரட்டும் சாதனம் இருந்தாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்; வழிகாட்டிகள் துப்பாக்கியோடுதான் வருவார்கள், யாரும் குழுவை விட்டு விலகக் கூடாது. பல கப்பல்களில் நடக்கும் வேகத்தைப் பொறுத்துக் குழு பிரிப்பார்கள். கூச்சப்படாமல் மெதுவாக நடக்கும் குழுவில் பெயர் கொடுங்கள். ஜூலையில் கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பது 2025 முதல் விதி. கரையில் கரடி தெரிந்தால் இறங்குவது ரத்தாகும். அன்றைக்குப் படகிலிருந்தே பார்ப்பதுதான். இன்னொன்று, கரையில் கழிப்பறை கிடையாது. கப்பலிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு ரப்பர் படகிலேயே சுற்றிவரும் நாட்கள்தான் உண்மையான வரம். ஹின்லோப்பன் நீரிணையில் ஆல்கெஃபெல்லெட் என்ற செங்குத்துப் பாறைச் சுவர் இருக்கிறது. சுமார் 60,000 ஜோடி கில்லெமாட் பறவைகள் அதன் விளிம்புகளில் கூடுகூடக் கட்டாமல் முட்டையிடுகின்றன. அங்கே எல்லோரும் உட்கார்ந்தபடிதான் பார்க்க வேண்டும். பயணத் திட்டத்தில் இப்படிப்பட்ட படகுச் சுற்றுகள் எத்தனை என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

அந்தத் திட்டத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றும் கடல் பனியும் அதை மாற்றும். போதாததற்கு 2025 ஜனவரி முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே கப்பல் பயணிகளை இறக்கலாம். அங்கே வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய பயணக் கட்டுரையில் படித்த கரை இப்போது பட்டியலில் இல்லாமல் போகலாம். கரையில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியையோ பலகைத் துண்டையோ நினைவுக்காக எடுத்துவிடாதீர்கள். 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எல்லாமே அங்கே தொல்பொருள். அந்தக் காலத்துத் திமிங்கல வேட்டைக் களத்து எலும்பும் அப்படியே. பல நாட்டு ஆய்வு நிலையங்கள் இருக்கும் நீ-ஓலசுண்ட் என்ற சிற்றூரில் கப்பல் நின்றால் 2008இல் இந்தியா தொடங்கிய ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். அங்கே வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். ஆய்வுக் கருவிகளுக்கு இடையூறாகும்.

விசாவில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தீவுக்குள் நுழைய விசா கேட்பதில்லை. ஆனால் ஆஸ்லோவிலிருந்து அங்கே பறந்தாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பல நுழைவு என்று கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் மீட்புப் பணிச் செலவும் நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அடங்க வேண்டும், மூட்டுத் தேய்மானத்தை மறைக்காமல் எழுதியிருக்கவும் வேண்டும். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் உள்ள மருத்துவமனை சிறியது. கடுமையான நிலை என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், நார்வே பெருநிலத்திலுள்ள ட்ரோம்சோ நகருக்குத்தான் அனுப்புவார்கள்.

சோதனையில் முழங்கால் தேறாவிட்டால் ஆர்க்டிக் கரையையே விட்டுவிட வேண்டியதில்லை. நார்வே பெருநிலத்தின் வடகிழக்கு மூலையில் வராங்கர் தீபகற்பம் இருக்கிறது. கிர்கெனெஸ் வரை விமானம், பிறகு வாடகைக் கார். தீவு நகரமான வார்டோவுக்குக் கடலடிச் சுரங்கப்பாதை உண்டு. அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் ஹாம்னிங்பெர்க், 1960களில் குடும்பங்கள் காலி செய்துவிட்டுப் போன மீனவ ஊர். வழிநெடுகக் கடலோரத்தில் செங்குத்தாக நிமிர்ந்த பாறை அடுக்குகள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். துருவக் கரடி இல்லை, ஒரே நுழைவு விசா போதும். குளிர்காலத்தில் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள், ஜூலையில் திறந்திருக்கும். வழியில் கடையை நம்பாமல் எரிபொருள், சாப்பாடு, தண்ணீர் மூன்றையும் வார்டோவிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.