யார் காசு கொடுப்பார்கள்? சமூக நோக்கமுள்ள ஸ்டார்ட்அப்: கேள்வி பதில்

முதலில் இரண்டு வார்த்தை. இந்தத் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தை மூடியிருக்கிறேன், இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வரி, பதிவு, உரிமம் எல்லாம் ஆடிட்டர் வேலை, என்னிடம் கேட்காதீர்கள். மானியம் எப்படி வாங்குவது என்று கேட்டால் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நோக்கம் தெளிவாக இருக்கிறது. ஒன்பது கட்டம் போட்ட பிசினஸ் மாடல் தாளையும் நிரப்பிவிட்டேன். ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எதைத் தவறவிட்டேன்?

ஒன்பதையும் நிரப்பியதுதான் சிக்கல். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எடை கொடுத்திருப்பீர்கள். இப்போதைக்கு இரண்டே கேள்வி போதும்: பயன் யாருக்கு? காசு யாரிடமிருந்து?

சாதாரண வியாபாரத்தில் இரண்டும் ஒரே ஆள். செருப்பு வேண்டும் என்பவரே செருப்புக்குக் காசு கொடுக்கிறார், கடித்தால் திரும்ப வந்து சண்டையும் போடுகிறார். நம் துறையில் பெரும்பாலும் பயன்பெறுபவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். கடித்தால் சண்டை போட ஆளில்லை. பொருள் மோசமாக இருந்தாலும் பணம் வந்துகொண்டே இருக்கும், நல்ல பொருளாக இருந்தாலும் ஒரு நாள் நின்றுவிடும்.

பிளேபம்ப் கதை இதற்கு நல்ல பாடம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே வரும் என்று தென்னாப்பிரிக்காவில் உருவான ஏற்பாடு அது. தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை வைத்து, அந்த வருமானத்தில் பம்பைப் பராமரிப்பது திட்டம். 2006-இல் அமெரிக்காவில் பெரிய மேடையில் அறிவித்தார்கள். 2010-க்குள் 4,000 பம்ப் என்பது இலக்கு. ஒதுக்குப்புறக் கிராமத்தில் பலகை வைக்க எந்த விளம்பரதாரர் வரிசையில் நிற்பார்? எதிர்பார்த்த விளம்பரப் பணம் வரவில்லை, பழுதான பம்புகள் பழுதாகவே கிடந்தன. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்களே ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பொறியியல் குறைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுக்க வேண்டியவரிடம் முதலிலேயே போய்க் கேட்டிருந்தால் பாதி உண்மை ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டு, காசு கொடுப்பார் என்று நீங்கள் நம்பும் பத்துப் பேரைப் போய்ப் பாருங்கள். "நல்ல முயற்சி" என்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணமோ எழுத்தில் ஒப்புதலோ தந்தால்தான் அது பதில்.

கேள்வி: பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான இலவச மென்பொருள் செய்கிறோம். பயனரிடம் காசு வாங்கக் கூடாது என்பது எங்கள் கொள்கை. அப்படியானால் வருமானம்?

பயனரிடம் வாங்காதீர்கள், சரி. அவரால் வேறு யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். தன் இணையதளமும் செயலியும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டக் கட்டாயம் உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. சோதித்துத் தர அவர்களுக்கு ஆள் தேவை. உங்கள் பயனர்களே அந்தச் சோதனையைச் செய்யலாம், அவர்களுக்கும் கூலி கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவைப் பாருங்கள். லாப நோக்கமற்ற அறக்கட்டளை மேலே, 2005-இல் தொடங்கிய வணிக நிறுவனம் அதன் கீழே. அழகான அமைப்பு. ஆனால் வருமானத்தில் பெரும்பங்கு உலாவியில் இயல்பாக வரும் தேடுபொறிக்கான ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அதைத் தருவது போட்டி உலாவியான குரோமின் சொந்தக்காரர், கூகுள். ஒரே ஆள் காசு கொடுத்தால் அவர் வாடிக்கையாளர் இல்லை, முதலாளி.

கேள்வி: ஒன்று விற்றால் ஒன்று இலவசமாகத் தருவோம் என்ற மாடல் எப்படி?

விளம்பரத்துக்கு அருமை. டாம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2006-இல் காலணியில் இதைத் தொடங்கி உலகப் பெயர் வாங்கியது. எல் சால்வடோரில் நடந்த ஆய்வில், இலவசக் காலணி குழந்தைகள் வாழ்வில் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை என்று தெரிந்தது. 2019-இல் அந்த நிறுவனமே ஜோடிக்கு ஜோடி என்பதை விட்டு, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தருவதாக மாறியது. விற்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே கயிறு மட்டும் இருந்தால் விற்பனை விழும் நாளில் கொடையும் விழும்.

கேள்வி: மானியம் கிடைத்தால் மூன்று ஆண்டு ஓட்டிவிடலாம், அதற்குள் வருமானம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். சரிதானே அக்கா?

இல்லை தம்பி. மானியம் வருமானம் இல்லை. மானியம் என்பது நேரம்.

நான் மூடிய நிறுவனமும் இப்படித்தான் நினைத்தது. பள்ளிகளுக்குச் செவித்திறன் சோதனை செய்துகொண்டிருந்தோம். முதல் இரண்டு ஆண்டு அறிக்கை எழுதுவதிலேயே போனது. ஒரு பள்ளியிடமும் கட்டணம் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்கத் தேவையே வரவில்லை. மூன்றாம் ஆண்டு நிதி தந்த அமைப்பு தன் முன்னுரிமையை மாற்றிக்கொண்டது. அவர்கள் மேல் தப்பில்லை, ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. அந்த மாதம் போய்க் கட்டணம் கேட்டோம். "இவ்வளவு நாள் இலவசம்தானே" என்றார்கள். என்ன பதில் சொல்வது? 14 பேரில் 9 பேரை அனுப்ப வேண்டியதாயிற்று.

மானியம் வாங்குங்கள். ஆனால் வாங்கிய முதல் மாதமே ஒருவரிடமாவது கட்டணம் வாங்கிப் பாருங்கள், சின்னத் தொகையானாலும்.

கேள்வி: வசதி உள்ளவரிடம் வாங்கி வசதி இல்லாதவருக்கு இலவசம். மருத்துவச் சேவையில் இந்தக் குறுக்கு மானியம் நடக்குமா? அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லோரும் காட்டுகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லோரும் காட்டுகிறார்கள், ஆனால் தப்பான இடத்தைக் காட்டுகிறார்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையுடன் தொடங்கினார். இன்றும் அங்கே அறுவைகளில் ஏறக்குறையப் பாதி இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கிறது. இதைக் கேட்டதும் "பணக்காரரிடம் அதிகம் வாங்கிச் சமாளிக்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அறுவைக்கு 100 செலவாகிறது, பாதிப் பேர் எதுவும் தருவதில்லை என்றால், மீதிப் பேர் தலைக்கு 200 தர வேண்டும், அப்போதும் லாபம் பூஜ்யம். பக்கத்தில் வேறொருவர் 150-க்குச் செய்தால் உங்கள் பணக்காரர் அங்கே போய்விடுவார், இலவசக்காரர் மட்டும் உங்களிடம் மிஞ்சுவார்.

அவர்கள் 100-ஐயே உடைத்தார்கள். மருத்துவர் கை எந்த நிமிடமும் சும்மா இருக்காதபடி, மருத்துவரே செய்யத் தேவையில்லாத மற்ற எல்லா வேலைக்கும் தனியாகப் பெண்களைப் பயிற்றுவித்தார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி தயார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி விலை எட்டாமல் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். செலவு அடிமட்டத்துக்கு வந்த பிறகு, காசு கொடுப்பவரிடம் ஊர் விலையே வாங்கினாலும் இலவசக்காரருக்குப் போதும்.

இன்னொரு நுணுக்கம்: வருமானச் சான்று கேட்பதில்லை. எந்தக் கதவு வழியாக வருவது என்று நோயாளியே முடிவு செய்கிறார். அறைவசதி மாறும், அறுவையின் தரம் மாறாது. யார் ஏழை என்று கண்டுபிடிக்க ஒரு துறையே வைத்திருக்கும் அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன், பாவம், அந்தத் துறையின் சம்பளத்தில் இன்னும் பலருக்கு வைத்தியம் பார்க்கலாம்.

உங்கள் சேவையில் செலவு உடையுமா? உடையாத சேவையில், உதாரணமாக ஒருவர் ஒருவருக்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டிய ஆலோசனையில், இந்த மாடலை நம்பாதீர்கள்.

கேள்வி: டிரஸ்டா, கம்பெனியா?

ஆடிட்டர்.

கேள்வி: முதலீட்டாளர் வந்த பிறகு நோக்கம் தேயாமல் எப்படிக் காப்பது?

நல்ல எண்ணத்தால் முடியாது, பங்கில் எழுதி வைத்தால் முடியும். கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தை எட்ஸி, சமூகப் பொறுப்புக்கான பி கார்ப் சான்றிதழோடு 2015-இல் பங்குச் சந்தைக்குப் போனது, 2017-இல் பங்குதாரர் நெருக்கடியில் தலைமை மாறியது, சான்றிதழும் போனது. ஆடை நிறுவனமான படகோனியா 2022-இல் செய்தது நேர்மாறு: வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்கு நோக்கத்தைக் காக்கும் டிரஸ்டுக்கு, வாக்குரிமை இல்லாத 98 சதவீதம் சுற்றுச்சூழல் பணிக்கான அமைப்புக்கு. அந்த நிறுவனர் குடும்பத்திடம் முழுப் பங்கும் இருந்ததால் முடிந்தது. முதல் சுற்றிலேயே பாதியை விற்றுவிட்டு அப்புறம் கேட்டால் நடக்காது.

கேள்வி: சிறுகடன் தரும் நிறுவனம் தொடங்க நினைக்கிறேன். ஆனால் ஏழையிடம் லாபம் எடுப்பதே தப்பு என்று என் பங்காளி சொல்கிறார்.

உங்கள் பங்காளியோடு பாதி ஒத்துப்போகிறேன். விலை வைப்பது தப்பில்லை, எவ்வளவு என்பதில்தான் தப்பு வரலாம். மெக்சிகோவின் கம்பார்டமோஸ் 1990-இல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கியது, 2007-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. விற்றவை பழைய பங்குதாரரின் பங்குகள்தான், புதிய பணம் நிறுவனத்துக்குள் வரவில்லை. வட்டியோடு வரியையும் சேர்த்தால் கடன் வாங்கியவர் கட்டியது ஆண்டுக்குச் சுமார் 100 சதவீதம். வங்கதேசத்தில் சிறுகடனுக்கான கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் வெளிப்படையாகவே கண்டித்தார், இது கந்துவட்டிக்காரர் பக்கம் போய் நிற்பது என்ற தொனியில்.

(வங்கியில் 20 ஆண்டு இருந்ததாகச் சொல்லும் ஒருவர் குறுக்கிடுகிறார்): யூனுஸ் பேசுவது கேட்க இனிமை மேடம். லாபம் இல்லாமல் முதலீடு வராது. முதலீடு இல்லாவிட்டால் அந்த ஏழை இன்னும் மோசமான வட்டிக்காரரிடம்தான் போவார். நன்கொடையில் எத்தனை லட்சம் பேருக்குக் கடன் தர முடியும்?

எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி சார். ஆனால் வேகத்துக்கும் விலை உண்டு. இந்தியாவில் எஸ்.கே.எஸ். என்ற சிறுகடன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது, அங்கே கடன் வசூல் படுத்துவிட்டது. ஒரே வீட்டில் நாலைந்து நிறுவனக் கடன் என்ற நிலை அதற்கு முன்பே வந்துவிட்டது.

லாபம் கூடாதா கூடலாமா என்று நான் கேட்பதில்லை. வருமானம் கூடும்போது அவருக்குப் பயனும் கூடுகிறதா என்றுதான் பார்ப்பேன். கடனில், இன்னொரு கடன் தந்தால் உங்கள் வருமானம் கூடும், அவர் நிலைமை கூடலாம், குறையலாம். கென்யாவில் எம்-கோபா மாதிரி, செல்பேசி வழியாகத் தினம் சிறு தவணை கட்டிச் சூரிய விளக்கைச் சொந்தமாக்கும் ஏற்பாட்டில், தவணை முடிந்தால் விளக்கு அவருடையது.

(இன்னொருவர்): தவணை தவறினால் விளக்கைத் தூரத்திலிருந்தே அணைத்துவிடுவார்களே அக்கா? அது மட்டும் என்ன நியாயம்?

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், பூட்டுவார்கள். இன்று அந்த நிறுவனம் அதே வழியில் ஸ்மார்ட்போனும் ரொக்கக் கடனும் தருகிறது. ஆக என் உதாரணம் நான் காட்டிய அளவு சுத்தமானதில்லை. விளக்கில் தேறிய ஏற்பாடு ரொக்கக் கடனிலும் தேறும் என்று சொல்ல முடியாது, புதிய பொருள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும்.

(வங்கிக்காரர்): அப்படியென்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள்!

வரவில்லை சார். வட்டி எவ்வளவு என்று கடன் வாங்குபவருக்குப் புரியும்படி ஆண்டுக் கணக்கில் ஒரே எண்ணாக எழுதிக் காட்டுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

கேள்வி: இலவசமாக வழிகாட்டி, மானியம் தரும் அமைப்புகளின் பட்டியல் தர முடியுமா?

மேலே மானியத்துக்குப் பதில் இருக்கிறது.

கேள்வி: நான் பார்க்கவில்லை, மன்னிக்கவும். தொடக்கத்துக்கு மட்டும் சின்ன மானியம்...

மேலே.

கேள்வி: அரசே வாடிக்கையாளராக இருந்தால்?

நல்ல ஆள்தான், மெதுவாகக் காசு தருவார். பலனைக் காட்டினால் மட்டும் பணம் என்ற முறையும் உண்டு. இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் 2010-இல் முதல் சமூகப் பலன் பத்திரம் வந்தது: விடுதலையானவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தால் முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும். ஆனால் பலனை அளக்க ஆகும் செலவும் காலமும் சின்ன நிறுவனத்தை முழுங்கிவிடும். பில் போட்ட நாளிலிருந்து பணம் வரும் வரை ஆறு மாதச் சம்பளம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பெயரும் லோகோவும் முடிவாகிவிட்டது, இணைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?

அழகாக இருக்கிறது. காசு கொடுக்கப்போகும் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டீர்கள்?

கேள்வி: இன்னும் யாரையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒருவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.