சட்டம் கேளுங்கள்: தண்டனைத் தீர்ப்பு அழியுமா?

கேள்வி: இருபத்திரண்டு வயதில் ஓர் அடிதடி வழக்கில் நீதிமன்றம் என்னைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. சிறைக்கு அனுப்பாமல், ஓராண்டு நன்னடத்தைக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். அந்த ஓராண்டும் குறையின்றி முடிந்தது. இப்போது அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். அந்தத் தீர்ப்பை அழிக்க முடியுமா? ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். வயது வந்த ஒருவர் மீதான தண்டனைத் தீர்ப்பை, சில ஆண்டுகள் கழிந்ததும் பதிவிலிருந்து நீக்கும் பொதுவான நடைமுறை எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை.

ஆயினும் உங்கள் நிலை நீங்கள் அஞ்சும் அளவுக்கு மோசமானதன்று. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்தப் பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டீர்கள் என்பதை அதன் இறுதிப் பக்கங்களில் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு என்றிருந்தால், அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தண்டனைத் தீர்ப்பின் காரணமாக வரும் தகுதியிழப்பு எதுவும் உங்களைச் சேராது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவு என்றிருந்தால் கவனம் தேவை. அதில் இத்தகைய பாதுகாப்பு சொல்லப்படவில்லை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரியான விடுதலையாகத் தோன்றுவதால், பலர் இந்த வேறுபாட்டை அறியாமலேயே இருந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

12ஆம் பிரிவு தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது. நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்ற முடிவு அப்படியே நிற்கும். எனவே அந்தச் சம்பவத்தின் தன்மையைப் பணியமர்த்தும் துறை பரிசீலிக்கலாம். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விவரத்தை மறைப்பதே நியமனத்தை ரத்து செய்யக் காரணமாகலாம் என்றது. அதே வேளையில், இளவயதில் நேர்ந்த சிறு குற்றம் என்றால் துறை அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதியில்லை என்பது கசப்பானதே. ஆனாலும் தீர்ப்பின் நகலையும், பிணைக்காலம் மீறலின்றி முடிந்ததற்கான ஆவணத்தையும் இணைத்து விண்ணப்பிப்பவர், காவல்துறைச் சரிபார்ப்பின்போது பிடிபடுபவரைவிட வலுவான இடத்தில் இருக்கிறார்.

வாக்குரிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறையில் இருக்கும்போதுதான் வாக்களிக்க இயலாது. வெளியே வந்தவர் அதற்காக எவரிடமும் மனுச் செய்ய வேண்டியதில்லை. பாஸ்போர்ட் மறுக்கப்படுவதற்கு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அது உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: என் தம்பி பதினைந்து வயதில் ஒரு திருட்டு வழக்கில் சிக்கி, சிறார் நீதி வாரியத்தில் நிறுத்தப்பட்டான். அவனுக்கும் இதே நிலைதானா?

பதில்: இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அவர்மீது எந்தத் தகுதியிழப்பும் சேராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்க ஆணையிடும்படி வாரியத்துக்கும் சொல்கிறது. பதினாறு வயது நிறைந்து, கொடிய குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தில் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனக் காணப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடையாது. அழிப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டதா, காவல் நிலையத்தில் இருந்த நகலும் அழிக்கப்பட்டதா என்று வாரியத்துக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்துக் கேளுங்கள்.