நாலு வெறியர்கள் போதுமா?

கேள்வி: ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் பார்த்தேன். அழுது அழுது கண் வீங்கிவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஹிட்லர் என்ற ஒரு பைத்தியக்காரனும் அந்த முகாம் அதிகாரி மாதிரி நாலு வெறியர்களும் சேர்ந்து 60 லட்சம் யூதர்களைக் கொன்றிருக்கிறார்களே, இப்படியும் மனிதப் பிறவிகள் உண்டா? என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் அழுததில் தப்பே இல்லை. ஆனால் ‘நாலு வெறியர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 60 லட்சம் பேரைக் கொல்ல நாலு பேர் போதாது அம்மா. நாலாயிரம் பேரும் போதாது.

ரயிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூதர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனது ஜெர்மன் அரசு ரயில்வே. சும்மா கொண்டுபோகவில்லை, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. மூன்றாம் வகுப்பு விகிதத்தில் கிலோமீட்டருக்கு 4 பெனிக் (ஜெர்மன் காசு). பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட், நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் ஒரே ரயிலில் போனால் பாதிக் கட்டணம். அடைத்து ஏற்றியது என்னவோ பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளில். போகிறவர்களுக்கு ஒருவழிக் கட்டணம். காவலுக்குப் போனவர்களுக்கு மட்டும் போக வர. இந்தத் தொகையை ஒரு குமாஸ்தா உட்கார்ந்து கூட்டியிருப்பார், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார், சாயங்காலம் இருவரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்திருப்பார்கள். எந்த வைத்தியரிடம் காட்டியிருந்தாலும் ‘மூளை நன்றாக வேலை செய்கிறது’ என்றுதான் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்.

படித்தவர்கள் தடுத்திருக்கலாமே என்பீர்கள். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் ஓரத்தில் உள்ள வான்சே ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் 15 அதிகாரிகள் கூடினார்கள். ஐரோப்பா முழுவதும் உள்ள யூதர்களை ஒழிக்கும் வேலையில் எந்தத் துறைக்கு என்ன பங்கு என்று பேசினார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. அந்த 15 பேரில் 8 பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்.

நீங்கள் சொல்லும் அந்த முகாம் அதிகாரி ஆமோன் கோத், கற்பனை இல்லை. வியன்னாவில் புத்தகம் பதிப்பித்து விற்ற குடும்பத்துப் பிள்ளை (நம் தொழில்தான், என்ன செய்வது!). அவரை 1944 செப்டம்பரில் கைது செய்தது அவர் சேர்ந்திருந்த எஸ்.எஸ். என்ற நாஜிப் படையேதான். பெரிய புகார் என்ன தெரியுமா? யூதர்களிடம் பறித்த சொத்து அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது, அதை அவர் தன் பைக்குள் போட்டுக்கொண்டார் என்பது. பறித்ததைப் பற்றி அவர்களுக்குப் புகார் கிடையாது. போர் முடிந்த பிறகு போலந்து நீதிமன்றம்தான் அவரைக் கொலைகளுக்காக விசாரித்து, 1946 செப்டம்பரில் தூக்கிலிட வைத்தது.

படத்தில் கோத்தைத் துப்பாக்கியோடு மாடியில் நிறுத்தியதும் நம் ஆத்திரம் மொத்தமும் அந்த மாடிக்கே போய்விடுகிறது. சினிமாவுக்கு ஒரு முகம் வேண்டும், இயக்குநர் ஸ்பீல்பெர்க்கை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இன்னொன்றையும் அவர் காட்டிவிடுகிறார். போலந்தின் கிராக்கோவ் ரயில் நிலையம். மடக்கு மேஜையை விரிக்கிறார்கள். காகிதம், மை, முத்திரை, டைப்ரைட்டர். வந்து இறங்கும் யூதக் குடும்பங்கள் பெயரைச் சொல்லச் சொல்ல, பட்டியல் நீள்கிறது. துப்பாக்கிச் சத்தமே இல்லை. என்னைக் கேட்டால் படத்திலேயே பயங்கரமான காட்சி அதுதான். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அழுகைக்கு வருகிறேன். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் என்ற ஊருக்கு ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு போலீஸ் பட்டாளம் போனது. சுமார் 500 பேர். பலர் துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர் என்று பிழைத்தவர்கள், ராணுவத்துக்கு வயது கடந்தவர்கள். ஊரில் உள்ள யூதப் பெண்கள், குழந்தைகள், கிழவர்களைச் சுட வேண்டும் என்று உத்தரவு. அதை எடுத்துச் சொன்ன பட்டாளத் தலைவர் மேஜர் டிராப், கண்ணில் நீர் வழியச் சொன்னார். முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்போது விலகியவர்கள் ஒரு டஜன் பேர். அவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அன்றைக்குள் சுமார் 1,500 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள். மேஜர் அன்று பகல் முழுக்க அழுதார் என்று அவருடைய ஆட்களே பிற்பாடு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் படத்தின் நாயகன் ஷிண்ட்லர், அவரும் கற்பனை இல்லை. ஹிட்லரின் நாஜிக் கட்சி உறுப்பினர். பிடிபட்ட நாட்டில் மலிவாக ஒரு பாத்திரத் தொழிற்சாலையை வளைத்துப் போட்டுக் காசு பார்க்க வந்தவர். குடி, பெண் சகவாசம், லஞ்சம் எதிலும் குறை வைக்கவில்லை. சுமார் 1,100 யூதர்களைக் காப்பாற்ற அந்த லஞ்சம்தான் அவருக்குக் கைகொடுத்தது. நல்லவராகப் பிறந்து வந்தவர் இல்லை என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. அந்த ஒரு டஜன் போலீஸ்காரர்களையும் அவரையும் வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்தில் வேறு வழியில்லை’ என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவது?

‘இப்படியும் மனிதப் பிறவிகள் உண்டா?’ என்ற உங்கள் கேள்வியை ஜெர்மானியர்களும் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சௌகரியமான கேள்வி, கேட்பவர் அந்தப் பிறவிகளில் சேர மாட்டார் அல்லவா? அப்புறம் 1979 ஜனவரியில் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் நான்கு பகுதிகளாக வந்தது. கண்ணீர்த் தொடர் என்று விமர்சகர்கள் கிழித்தார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதில் வரும் கொலைகாரன் மாடியில் நிற்கவில்லை. டோர்ஃப் என்ற வேலையில்லாத வக்கீல். பெண்டாட்டி நச்சரித்ததால் எஸ்.எஸ்.ஸில் உத்தியோகத்துக்குச் சேருகிறவன். சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் போன் வந்தது. பிள்ளைகள் வீட்டில் ‘அப்பா, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலக்கெடுவை அந்த நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது. நாஜிக் கொலைகாரர்கள் காலம் கடந்துவிட்டது என்று தப்ப முடியாது. 255 ஓட்டு ஆதரவு, 222 எதிர்ப்பு. அந்த விவாதம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்ததுதான். ஆனாலும் தொடர் கிளப்பிய சூட்டுக்கு அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, மகன் விஷயம். ஒன்பதாம் வகுப்பு என்றால் காட்டலாம், ஆனால் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். மருத்துவச் சோதனைக்காகக் கைதிகளை ஆடையில்லாமல் ஓடவிடும் காட்சி வரும்போது சங்கடப்பட்டு ரிமோட்டைத் தேட வேண்டாம். படம் 3 மணி 15 நிமிடம். ஆரம்பத்தில் போரடிக்கிறது என்று அந்த மடக்கு மேஜைக் காட்சியை ஓட்டிவிடப் பார்ப்பான். விடாதீர்கள்.