சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. ஆனால் இந்த இலையில் விஷயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஓர் இலையை நன்றாக மென்றுவிட்டு நாக்கில் கொஞ்சம் சீனி போட்டுப் பாருங்கள். மணலை மெல்வது போல இருக்கும். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் சுவை திரும்பிவிடும். சிறுகுறிஞ்சானுக்கு உள்ள 'சர்க்கரைக்கொல்லி' என்ற இன்னொரு பெயரை நம்ப வைப்பது இந்த வித்தைதான். நாக்கில் நடப்பது வேறு, ரத்தத்தில் நடப்பது வேறு.

ரத்தத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. 1990-ல் வெளியான ஆய்வு ஒன்றில், டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு இந்த இலையின் சாரத்தைத் தினமும் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேரால் மாத்திரையை விட முடிந்தது. சரி, ஆனால் 22 பேர் ரொம்பக் குறைவு. அதோடு, அளவாகத் தயாரித்த சாரமும் கடைப் பொடியும் ஒன்றல்ல.

செடியிலிருந்து மருந்து வருவது புதிதல்ல: சர்க்கரைக்குப் பரவலாகத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா. அதிலிருந்த வேதிப்பொருள் நச்சாக இருந்ததால், அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1957-ல் பிரான்ஸில் மருந்தாக வந்தது.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சிறுகுறிஞ்சானையும் சேர்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம்: வியர்வை, கை நடுக்கம், மயக்கம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள். டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) என்றால் இன்சுலினை ஒரு வேளைகூட விடக் கூடாது.