கேரம் பவுடரும் சிலிக்கான் வளையமும்

கேள்வி: என் மகள் மாட்டுங்காவில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். போரானை வைத்து சிலிக்கான் வளையம் கட்டுகிறாளாம். போரான் என்றால் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர்தானே? அதில் எப்படி ஐயா வளையம் வரும்?
- ஒரு வாசகி, தாராவி

பதில்: தனிமம் அதேதான் அம்மா, குணம்தான் வேறு. எட்டு எலக்ட்ரான் சேர்ந்தால்தான் போரானுக்கு நிம்மதி. மூன்று பிணைப்பு போட்ட பிறகும் ஆறுதான் தேறும். போரிக் பவுடரில் கூட இருக்கும் மூன்று ஆக்சிஜனும் தங்களிடம் உள்ளதில் கொஞ்சம் கொடுத்துப் பசியாற்றிவிடுகின்றன. அதனால் பிள்ளைகள் கையில் சமர்த்தாக இருக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் மூன்று எத்தில் தொகுதிகளை (இரண்டு கார்பன் கொண்ட துண்டுகள்) மாட்டுங்கள், அது டிரைஎத்தில்போரேன். காற்று பட்டால் பச்சைச் சுவாலையோடு பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமான எஞ்சினை மூட்டியது இதுதான்!

உங்கள் மகளுக்கு வேண்டியது அந்தப் பசி. சிலிக்கானின் இரு பக்கமும் மும்மைப் பிணைப்புள்ள கார்பன் ஜோடி ஒவ்வொன்று தொங்கும் மூலக்கூறை எடுத்துக்கொள்வார்கள். போரான் வந்து ஒரு ஜோடியில் சிலிக்கானை ஒட்டியிருக்கும் முனையை அதனிடமிருந்து பிடுங்கும். சிலிக்கான் விடுமா? அதே ஜோடியின் மறுமுனையில் போய் ஒட்டிக்கொள்ளும். போரானிடமிருந்த எத்தில் ஒன்று பிடுங்கிய கார்பனுக்கு இடம் மாறும். மறுபக்கத்திலும் இதே கூத்துதான். ஆனால் இம்முறை இடம் மாறுவது எத்தில் அல்ல, முதல் ஜோடியே. கார்பனும் கார்பனும் கோத்துக்கொள்ள, நாலு கார்பன், ஒரு சிலிக்கான் கொண்ட ஐந்து மூலை வளையம் தயார். பெயர் சிலோல். ஜெர்மனியின் பைராய்த் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ட் ராக்மேயர் இந்த வழியில் நிறைய உழைத்தார். லித்தியம், குளோரின் என்று போகும் பழைய வழியைப் போல இதில் உப்பு மிஞ்சாது. பெயின்ட் கம்பெனி லேப்பில் உப்பை வடிகட்டியே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

டிரைஎத்தில்போரேனை வைத்துச் செய்தால் 100 டிகிரி வாக்கில் நாள்கணக்கில் சூடாக்க வேண்டியிருக்கும். எத்திலை எடுத்துவிட்டு ஃப்ளோரின் ஏற்றிய பென்சீன் வளையங்களை மாட்டினால் பசி இன்னும் கூடும். அறை வெப்பமே போதும்.

இத்தனை பாடு எதற்கு? 2001இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங் குழுவினர், கரைசலில் மங்கிக் கிடந்த ஒரு சிலோல், துகளாகத் திரண்டதும் பளிச்சென ஒளிர்வதைக் கண்டார்கள். பெரும்பாலான சாயங்கள் திரண்டால் மங்கும், இது நேர்மாறு.

ஜூலையில் மகள் சிடுசிடுவென வீடு திரும்பினால் காரணம் கேட்காதீர்கள். ஃப்ளோரின் ஏற்றிய அந்தப் போரானுக்குத் தண்ணீர் ஆகாது, நம் மும்பைக் காற்றோ அந்த மாதம் பிழிந்தால் சொட்டும். எதனோடும் சேராத ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு நாளெல்லாம் வேலை பார்த்திருப்பாள்.

கேள்வி: ஷாம்பூவில் இருப்பதும் இதே வளையமா?
- ஒரு வாசகர், செம்பூர்

பதில்: இல்லை. அது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் வளையம். போரானுக்கு அங்கே வேலையில்லை. லேபிளில் ‘சைக்ளோபென்டாசிலாக்ஸேன்’ என்று தேடுங்கள். கழுவிவிடும் அழகுப் பொருட்களில் அது 0.1 சதவீதத்தை எட்டக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது.