வீட்டு ஓவனில் முட்டைக்கோஸ் டொல்மா (கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய கோஸ் இலை) செய்தால் இலை கிழிகிறது, அரிசி வேகவில்லை, நிறமும் வரவில்லை. எப்படிச் செய்வது?

நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். குழம்பில் மூழ்கவிட்டு வேகவைக்கும் செய்முறையை எடுத்து, அப்படியே ஓவன் தட்டில் அடுக்கிவிடுகிறோம். போலந்து, உக்ரைன், ருமேனியா, ஹங்கேரி என்று கிழக்கு ஐரோப்பா முழுக்க இந்தப் பண்டம் உண்டு. அங்கெல்லாம் பெரும்பாலும் தக்காளிச் சாற்றிலோ, புளிக்கவைத்த கோஸின் சாற்றிலோ மணிக்கணக்கில் மெல்லக் கொதிக்கவிடுவார்கள். அரிசியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வைத்தாலும் சுற்றியிருக்கும் சாறு அதை வேகவைத்துவிடும். ஓவனின் வறண்ட சூட்டில் அந்தச் சாறு ஏது?

நான் ஸ்வீடனில் உப்சாலாவில் குடியிருக்கிறேன். இங்கே ‘கோல்டொல்மார்’ என்று இதைச் செய்கிறார்கள். மற்ற நாடுகளின் முறையிலிருந்து இது விலகுகிற இடமே ஓவன்தான். உருளைகளின் மேல் வெண்ணெயும் சர்க்கரைப்பாகும் தடவி, இலை நன்றாகப் பழுப்பேறும்வரை சுடுகிறார்கள். பலரும் பூரணத்துக்கு என்ன மசாலா சேர்க்கலாம் என்றே கேட்கிறார்கள். என் கருத்தில் இந்தப் பண்டத்தின் ருசி இலையில் இருக்கிறது. கோஸை நெடுநேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வாடையைக் கிளப்பும். அதே கோஸைச் சூட்டில் பழுக்கவிட்டால் இனிப்பும் வறுத்த கொட்டையின் மணமும் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் கோஸ். கல்போல் இறுகிய சின்ன உருண்டையை வாங்காதீர்கள். ஒன்றேகால் அல்லது ஒன்றரைக் கிலோ எடையில், சற்றுத் தட்டையாக, அளவுக்கு லேசாகத் தோன்றுகிற கோஸ் நல்லது. இலைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது என்று பொருள். அடித்தண்டைச் சுற்றிக் கூராகக் கத்தியை இறக்கித் தண்டைக் குடைந்து எடுத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, குடைந்த பக்கம் கீழே இருக்கும்படி கோஸை முழுதாக இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளி இலை தளர்ந்து தானாகப் பிரியும். இடுக்கியால் அதை மட்டும் எடுங்கள், அடுத்தது தளரும்வரை காத்திருங்கள். பச்சையாக இருக்கும்போதே இலையைப் பிய்க்க முயல்வதுதான் கிழிசலுக்கு முதல் காரணம். முன்திட்டம் போட முடிந்தவர்கள் கோஸை முழுதாக ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக உறையவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் இளகவிடலாம். உள்ளே உருவாகும் பனித்துகள்கள் இலையின் செல்களை உடைத்துவிடுவதால் கொதிக்கவைக்காமலே துணிபோல் மடியும். ஆனால் நன்றாக உறையவும் இளகவும் இரண்டு நாளாவது வேண்டும்.

இரண்டாவது காரணம் நடு நரம்பு. சிலர் அதை முக்கோணமாக வெட்டி எறிகிறார்கள். வெட்டிய இடத்தில் ஓட்டை விழும், சாறு அங்கே ஒழுகும். இலையைக் கவிழ்த்துப் போட்டு, கத்தியைப் படுக்கவைத்து, மேலே துருத்திக்கொண்டிருக்கும் நரம்பை மட்டும் இலை மட்டத்துக்குச் சீவுங்கள். பிறகு ஒவ்வோர் இலையையும் பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள். ஈரமான இலை ஓவனில் அவியும், நிறம் பிடிக்காது. கோஸ் வெந்த தண்ணீரில் அரை லிட்டரை எடுத்து வையுங்கள், வேலை இருக்கிறது.

இனி அரிசி. அரை டம்ளர் பச்சரிசியை ஒரு டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் ஒரு டம்ளர் பால் ஊற்றி, குறைந்த தீயில் வெண்பொங்கல் பதத்துக்குக் குழையவிடுங்கள். இங்கே பால்கஞ்சிக்கென்றே குட்டை அரிசி கடையில் விற்கிறது. நம் ஊரில் புதுப் பச்சரிசி போதும், பாஸ்மதி வேண்டாம். இந்தக் குழைவுக்கு ஒரு வேலை உண்டு: கறி சுடும்போது சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளும். குழைந்த அரிசி அந்தச் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் பூரணம் மெத்தென்று இருக்கும்.

அரிசி நன்றாக ஆறியதும் 500 கிராம் கொத்துக்கறி, வெண்ணெயில் வதக்கிய ஒரு பெரிய வெங்காயம், ஒரு முட்டை, உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். ஸ்வீடனில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சரிபாதி கலந்த கொத்துக்கறியைப் பலர் எடுப்பார்கள். ஆட்டுக்கறியிலும் அருமையாக வரும், சற்றுக் கொழுப்போடு கொத்தித் தரச் சொல்லுங்கள். கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுதெல்லாம் போட்டால் கெட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்புறம் நாவுக்குத் தெரிவது மசாலாதான், இலை தெரியாது. எனக்கு அது வீண் உழைப்பாகப் படுகிறது. கொஞ்சம் பூரணத்தை வாணலியில் பொரித்துப் பார்த்து உப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சைவமாக வேண்டுமென்றால் காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் முழுக்கச் சுண்டி ஓரம் சிவக்கும்வரை வதக்கி, வேகவைத்த பச்சைப் பயறோடு சேர்க்கலாம். பனீர் எனக்குப் பிடித்தமில்லை. சூட்டில் ரப்பராகிவிடும், இலைக்குச் சாறும் தராது.

சுற்றும் முறை எளிது. நரம்புப் பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி பூரணத்தை அங்கே வைத்து, அடியை மேலே மடித்து, இரு பக்கங்களையும் உள்ளே தள்ளி, உருட்டிக்கொண்டே போங்கள். எனக்கு இதைக் கற்றுத்தந்த பக்கத்து வீட்டு அம்மையார், உருட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி ஒரு முறை மெதுவாக அழுத்துவார். மிச்சமிருக்கும் தண்ணீர் இரண்டு சொட்டு விரலிடுக்கில் இறங்கும், இலை பூரணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நூலோ பல்குச்சியோ தேவைப்படாது. கையளவு கோஸ் நடுவில் மிஞ்சும், அதைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனை 225 டிகிரிக்கு முன்கூட்டியே நன்றாகச் சூடேற்றுங்கள். தட்டில் வெண்ணெய் தடவி, மடிப்பு கீழே இருக்கும்படி உருளைகளை அடுக்குங்கள். ஒன்றோடொன்று நெருக்கியடிக்காதீர்கள், இடைவெளி இருந்தால்தான் பக்கங்களும் நிறம் பிடிக்கும். மேலே உருக்கிய வெண்ணெய், அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி பாகு. இங்கே பொன்னிறச் சர்க்கரைப்பாகு ஊற்றுவார்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றலாம். ஏறக்குறைய 20 நிமிடத்தில் மேல்பக்கம் ஆங்காங்கே தவிட்டு நிறமாகும், இலையின் ஓரங்கள் கருகலுக்கு ஒரு படி முந்திய கட்டத்தில் நிற்கும். பயந்து எடுத்துவிடாதீர்கள், நாம் தேடியது அந்த நிறம்தான். இப்போது, அதற்கு முன்பு அல்ல, எடுத்துவைத்த கோஸ் தண்ணீரில் ஒரு டம்ளரைத் தட்டின் ஓரமாக ஊற்றிச் சூட்டை 180 டிகிரிக்குக் குறையுங்கள். இன்னும் 25 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் இரண்டு மூன்று முறை தட்டிலுள்ள சாற்றை அள்ளி மேலே விடுங்கள். கறி என்பதால் உருளையின் நடுவில் சூடு 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், சாறு தெளிவாக இருந்து உள்ளே சிவப்பு தெரியாமல் இருக்க வேண்டும். சின்ன மேசை ஓவன் என்றால் மேல்கம்பி மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, பாதியில் ஒரு முறை திருப்பிவையுங்கள்.

தட்டில் மிஞ்சும் பழுப்புச் சாற்றை வீணாக்குவது பெரிய பாவம். அதைச் சின்னப் பாத்திரத்தில் வடித்து, ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அரை டம்ளர் கிரீம், சில சொட்டு சோயா சாஸ் சேர்த்துக் கொதிக்கவிட்டால் குழம்பு தயார். வேகவைத்த உருளைக்கிழங்கும், சர்க்கரை சேர்த்துக் கிளறிய லிங்கன்பெர்ரி என்ற புளிப்புப் பழமும் பக்கத்தில் வைப்பார்கள். அந்தப் புளிப்பு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெயும் பாகும் திகட்டும். தமிழ்நாட்டில் களாக்காய் ஜாம் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

துருக்கிப் பக்கத்து டொல்மா ஸ்வீடனுக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1709இல் பொல்தாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற மன்னர் பன்னிரண்டாம் கார்ல், ஒட்டோமான் பேரரசின் மண்ணில் தஞ்சம் புகுந்து, இன்றைய மால்டோவாவின் எல்லைக்குள் வரும் பெந்தேர் நகருக்கருகே ஆண்டுக்கணக்கில் தங்கினார். 1714இல் அங்கிருந்து கிளம்பினார். அவர் வாங்கியிருந்த கடனை வசூலிக்க அங்கிருந்து ஆட்கள் ஸ்வீடன்வரை வந்தார்கள். மன்னரோடு போனவர்களும் கடன் கேட்டு வந்தவர்களும் இந்த ருசியைக் கொண்டுவந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. 18ஆம் நூற்றாண்டின் ஸ்வீடிஷ் சமையல் நூல்களில் டொல்மா இடம்பெற்றுவிட்டது. துருக்கியில் டொல்மா சுற்றுகிற திராட்சை இலைக்கு இந்தக் குளிரில் எங்கே போவது? எந்தத் தோட்டத்திலும் விளைகிற கோஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கார்ல் இறந்த நவம்பர் 30ஐ இங்கே சிலர் கோல்டொல்மார் நாளாகவே கொண்டாடுகிறார்கள். தேசியவாதிகள் தங்கள் நாயகனாக ஊர்வலம் எடுத்த மன்னரின் நாளில், வெளியிலிருந்து வந்து உள்ளூர் உணவாகிவிட்ட ஒன்றை வைத்துக் கொண்டாடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், இலை மறுபடி அவிந்துவிடும். குறுக்கே தடித்த வில்லைகளாக வெட்டி, கொஞ்சம் வெண்ணெயில் இரு பக்கமும் உள்ளே நன்றாகச் சூடேறும்வரை பொரியுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே எப்போதும் நான்கைந்து கூடுதலாகச் சுற்றுவோம்.